மிஞ்சிய பாகம் எங்கே போக வேண்டும்? பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவோருக்கு

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பின்முற்றத்தில் பத்து மாதமாகத் துண்டு துண்டாகக் கிடந்த பி.எஸ்.ஏ. எம்20 என்ற இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பிரித்தானிய மோட்டார் சைக்கிளைப் பூட்டி முடித்த நாளில், பால்மா பேணியின் அடியில் மூன்று பொருட்கள் மிஞ்சியிருந்தன: ஓர் எஃகுக் குண்டு, கிண்ணம் போலச் சற்றே குழிந்த மெல்லிய வாசர், அறுகோணத் தலையுள்ள போல்ற். வண்டி பார்வைக்கு முழுமையாகவே நின்றது. மருமகன் கிக்கரில் கால் வைத்துவிட்டான், எடுக்கச் சொன்னேன். அந்த மூன்றுக்கும் உரிய இடத்தைக் கண்டுபிடிக்க இன்னும் நான்கு நாட்கள் சென்றன. அந்த நான்கு நாட்களில் நாங்கள் கையாண்ட முறையை இங்கே எழுதுகிறேன். எம்20 ஐ முன்வைத்து எழுதினாலும், நோர்ட்டன் 16எச், மட்ச்லெஸ் ஜி3எல், றோயல் என்பீல்ட், ட்ரையம்ப் போன்ற அக்காலத்து வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஏதாவது மிஞ்சினால் எஞ்சினை இயக்கக் கூடாது. பாகம் எதுவென்று தெரிந்த பின்னரே அதைப் பொருட்படுத்தாமல் விடலாமா என்று முடிவு செய்ய முடியும். மட்காட் தாங்கியிலிருந்து விழுந்த வாசரும் பிஸ்டன் பின்னைப் பிடித்திருக்கும் வளையக் கிளிப்பும் பேணிக்குள் ஒரே மாதிரி அப்பாவியாகத்தான் கிடக்கும். முன்னது இல்லாவிட்டால் சத்தம் வரும். பின்னது இல்லாவிட்டால் பின் நகர்ந்து சிலிண்டர் சுவரைக் கீறிவிடும்.

முதலில் ஓர் எளிய ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மிஞ்சியது உண்மையில் மிஞ்சியதா, அல்லது அதற்குப் பதிலாகப் புதியதொன்றைப் போட்டுவிட்டு பழையதை மறதியாக அதே பேணியில் போட்டோமா? பழுது பார்க்கும்போது ஸ்பிறிங் வாசர், செப்பு வாசர், நாக்கு மடிக்கும் பூட்டு வாசர், பிளவு ஊசி போன்றவற்றைப் புதிதாகவே போடுகிறோம். கழற்றிய பழையவை எப்படியோ நல்லவற்றோடு கலந்துவிடுகின்றன. மிஞ்சியவற்றில் பாதி இப்படிப்பட்டதாகவே இருப்பதுண்டு. புதிய பாகங்கள் வந்த உறைகளையும் பற்றுச்சீட்டுகளையும் வைத்திருந்தால் இந்த ஐயம் பத்து நிமிடத்தில் தீரும். எங்கள் மூன்றில் ஒன்றும் இந்த வகையில் சேரவில்லை.

கழுவுவதற்கு முன் பாருங்கள்

மிஞ்சிய பாகத்தை எடுத்தவுடன் மண்ணெண்ணெயில் போட்டுத் துலக்குவதுதான் எல்லோருடைய கையும் செய்யும் முதல் வேலை. அதைச் செய்யாதீர்கள். அதன் மேல் படிந்திருக்கும் அழுக்கே அது எங்கிருந்து வந்தது என்பதற்கான நேரடிச் சாட்சி. மஞ்சள் நிறத்தில் மெழுகுபோல் காய்ந்த கிறீஸ் இருந்தால், பாகம் சில்லின் குடத்திலிருந்தோ, ஹாண்டில் திரும்பும் கழுத்திலிருந்தோ, முன் கவையின் இணைப்புகளிலிருந்தோ வந்திருக்க வேண்டும். கறுத்து அரக்குப்போல் ஒட்டிய ஒயில் எஞ்சினைக் காட்டும். மூக்கில் ஏறும் கந்தக நெடி கியர் ஒயிலுடையது. முந்தைய உரிமையாளர் கியர்பொக்ஸில் என்ன ஊற்றினார் என்பதும் அதோடு தெரிந்துவிடும். சாம்பல் நிற நுண்தூள் பிறேக் லைனிங்கினுடையது. அழுக்கே இல்லாமல் வெறும் துருவும் உப்புப் பூத்த வெண்மையும் மட்டும் இருந்தால், அது எப்போதும் வெளிக்காற்றில் நின்ற பாகம். கடற்கரையோரத்தில் வாழும் நமக்கு இந்தக் கடைசிக் குறி மிகத் தெளிவாகவே கிடைக்கும்.

எங்கள் குண்டை மருமகன் ஏற்கெனவே கழுவி, துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிவிட்டிருந்தான். அதனால் அதைக் கண்டறிவதற்கே மூன்று நாட்கள் பிடித்தன. வாசர் அழுக்கோடு கிடந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, குழிந்த பக்கத்தின் விளிம்பு முழுவதும் கிறீஸில் ஒட்டிய நரைத்த மயிர்போன்ற நார்கள் தெரிந்தன. அவை கம்பளி ஃபெல்ற் வளையத்தின் நார்கள். அக்காலத்தில் றப்பர் ஒயில் சீலுக்குப் பதிலாக, சில்லின் பேரிங்குக்குள் தூசி புகாமலும் கிறீஸ் வெளியேறாமலும் தடுக்க ஃபெல்ற் வளையம் ஒன்றை வைத்து, அதன் இரு பக்கமும் மெல்லிய உலோகத் தட்டுகளால் மூடுவார்கள். முன் சில்லைக் கழற்றிப் பார்த்தோம்: ஒரு பக்கத்தில் இரண்டு தட்டுகள், மறுபக்கத்தில் ஒன்று. வாசரின் கதை கால் மணி நேரத்தில் முடிந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இங்கே பறக்கும் மணலை நினைத்தால், அந்தத் தட்டு இல்லாமல் அந்தப் பேரிங் ஓர் ஆண்டு தாங்கியிருக்குமா என்பது ஐயமே.

அழுக்கைப் பார்த்த பிறகு பொருளின் உலோகத்தைப் பார்க்க வேண்டும். காந்தம் பிடிக்காத மஞ்சள் நிறப் பித்தளை என்றால் கார்பரேற்றர், பெற்றோல் குழாய், மின்சார இணைப்புகள் ஆகியவற்றை முதலில் நினைக்கலாம். சற்றுச் சிவந்த வெண்கலம் என்றால், அது ஏதோவொன்று சுழலும் இடத்தில் உராய்வைத் தாங்கிய புஷ் அல்லது தள்ளுவாசர். பெரும்பாலும் கியர்பொக்ஸுக்குள் அல்லது எஞ்சினுக்குள் இருந்து வந்தது. செப்பு வாசர் ஒயில் குழாய் இணைப்பை நினைவூட்டும். சிவப்பு ஃபைபர் வாசர் அமல் கார்பரேற்றரிலும் பெற்றோல் இணைப்பிலும் வரும். மங்கிய சாம்பல் நிற முலாம் அக்காலக் கட்மியம் முலாமாக இருக்கக்கூடும். துருப்பிடிக்காத எஃகில் செய்த போல்ற்றோ நட்டோ என்றால், அது தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்ததல்ல, பின்னாளில் யாரோ போட்டது என்று கொள்வதே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அடுத்தது தேய்மானம். வாசரின் ஒரு முகம் மட்டும் கண்ணாடிபோல் மின்னினால், அந்த முகத்தின் மேல் ஏதோ சுழன்றிருக்கிறது. இரண்டு முகங்களிலும் மங்கல் இருந்தால், அது அசையாமல் இறுகி இருந்த வாசர். ஒரு முகத்தில் பற்கள் கடித்ததுபோன்ற சிறு வெட்டு இருந்தால், அதன் மேல் ஸ்பிறிங் வாசர் அமர்ந்திருந்தது. வெளிவிளிம்பில் வர்ணம் படிந்து நடுவில் வட்டமாக வெற்று உலோகம் தெரிந்தால், அந்த வட்டத்தின் விட்டம்தான் அதன் மேல் இருந்த நட்டின் அல்லது அடுத்த வாசரின் விட்டம். குட்டைக் குழாய் போன்ற இடைத்துண்டு மிஞ்சினால் அதன் இரு முனைகளிலும் உள்ள அழுத்தத் தடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு முனை மெல்லிய தகட்டில் அழுந்தியிருக்கும், மற்றது தடித்த வார்ப்பில் அழுந்தியிருக்கும். வண்டியில் அந்த இரண்டும் எதிரெதிராக நிற்கும் இடைவெளிகள் மிகச் சிலவே.

அளவும் திருகுப் புரியும்

பழைய பிரித்தானிய வண்டியில் மிஞ்சிய போல்ற்றோ நட்டோ தன் அளவாலும் புரியாலுமே, அதாவது அதில் வெட்டியிருக்கும் திருகு வரிகளாலுமே, பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வண்டிகளோடு பழகியவர்களுக்கு இதுவே குழப்பமாகவும் தோன்றும். பிரித்தானியர் ஒரே வண்டியில் நான்கைந்து வகைப் புரிகளைக் கலந்து பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கலவையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

அலுமினிய வார்ப்புக்குள் ஏறும் திருகாணிகளுக்கு விற்வர்த் புரி. இது 1841 இல் ஜோசப் விற்வர்த் முன்வைத்த அகன்ற புரி. புரிப் பற்களின் கோணம் 55 பாகை. கால் அங்குலத்தில் அங்குலத்துக்கு 20 புரி, 5/16 இல் 18, 3/8 இல் 16. அதே கோணத்தில் நெருக்கமாக வெட்டியது பி.எஸ்.எஃப்.; கால் அங்குலத்தில் 26, 5/16 இல் 22, 3/8 இல் 20. சட்டகம், கவை, சில்லு அச்சு, எஞ்சினின் எஃகுப் பாகங்கள் போன்ற இடங்களில் பெரும்பாலும் சைக்கிள் புரி வரும். கோணம் 60 பாகை, பருமன் மாறினாலும் கால் அங்குலம் முதல் 7/16 வரை எல்லாவற்றிலும் அங்குலத்துக்கு 26 புரிதான். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மக்னெற்றோ, டைனமோ, விளக்கு, சுவிற்ச் ஆகியவற்றின் சிறு திருகாணிகள் பி.ஏ. வகை. பெற்றோல் தாங்கியிலும் குழாய்களிலும் வருவது பி.எஸ்.பி. என்ற குழாய்ப் புரி. 1960களின் பிற்பகுதியில் பி.எஸ்.ஏ., ட்ரையம்ப் வண்டிகள் யூனிஃபைட் என்ற பிற்காலப் பொதுப் புரிக்கு மாறின. ஆகவே எம்20 இல் யூனிஃபைட் புரி தென்பட்டால் அது பிற்காலத்தில் வந்து சேர்ந்தது.

முதலில் வேர்னியரால் புரியின் வெளிவிட்டத்தை மில்லிமீற்றரில் அளந்துகொள்ளுங்கள். கால் அங்குலம் 6.35, 5/16 அங்குலம் 7.94, 3/8 அங்குலம் 9.53, 7/16 அங்குலம் 11.11, அரை அங்குலம் 12.7. பழைய போல்ற் சற்றுத் தேய்ந்திருக்கும் என்பதால் ஓரிரு புள்ளி குறைவாகவே அளவு வரும். இங்கேதான் முதல் பொறி இருக்கிறது: 8 மி.மீ. மெட்ரிக் போல்ற்றும் தேய்ந்த நிலையில் 7.9 என்றுதான் அளவு காட்டும். விட்டத்தை மட்டும் நம்பினால் 5/16 என்றே சத்தியம் செய்வோம். ஆகவே புரியை எண்ணித்தான் ஆக வேண்டும்.

புரி அளவி இல்லாதவர்கள், மெழுகுதிரிச் சுடரில் போல்ற்றை இலேசாகக் கரிபிடிக்க வைத்து, வெள்ளைத் தாளில் ஒருமுறை உருட்டினால், வரிவரியாகத் தடம் விழும். அரை அங்குல நீளத்துக்குள் எத்தனை வரி என்று எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். அதைவிட உறுதியான வழி, புரி தெரிந்த இன்னொரு போல்ற்றை எடுத்து, இரண்டின் பற்களையும் ஒன்றோடொன்று பொருத்தி, வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்ப்பது. ஒரே புரி என்றால் முழு நீளத்துக்கும் பற்கள் கோர்த்து நிற்கும்; வெளிச்சம் நுழையாது. வேறு புரி என்றால் நான்கைந்து பல்லுக்குப் பிறகு ஒன்று மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். காலை வெயிலில் செய்தால் மயிரிழை வித்தியாசமும் தெரியும்.

இரண்டு இரட்டையர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கால் அங்குலத்தில் பி.எஸ்.எஃப். புரியும் சைக்கிள் புரியும் அங்குலத்துக்கு 26 தான். வேறுபாடு கோணத்தில் மட்டுமே. ஒன்றை மற்றதில் ஏற்றினால் ஏறிவிடும். ஆனால் பல்லின் பக்கங்கள் முழுதாகப் படியாததால் பிடி பலமாக இராது. இன்னொன்று 0 பி.ஏ. திருகாணி. அதன் விட்டம் 6 மி.மீ., புரியிடை (ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம்) 1 மி.மீ., கோணம் 47.5 பாகை. நம்முடைய கடைகளில் எங்கும் கிடைக்கும் 6 மி.மீ. போல்ற்றின் விட்டமும் புரியிடையும் இதேதான். அதன் கோணம் 60 பாகை. லூக்காஸ் மக்னெற்றோவிலிருந்து விழுந்ததை ஜப்பானிய வண்டியின் திருகாணி என்று எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

போல்ற்றின் தலையையும் அளக்க வேண்டும். விற்வர்த் ஸ்பனரில் பொறித்திருக்கும் எண், தலையின் அகலத்தை அல்ல, போல்ற்றின் பருமனைக் குறிக்கும். கால் அங்குல விற்வர்த் ஸ்பனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ.. அந்தத் தலையில் 13 மி.மீ. ஸ்பனர் நுழைய மறுக்கும், 14 மி.மீ. ஸ்பனர் நுழைந்து, சுழன்று, மூலைகளைத் தின்றுவிடும். 13 மி.மீ. ஸ்பனர் தாராளமாகப் பொருந்தும் போல்ற் மிஞ்சினால், அது பிரித்தானிய வண்டிக்குப் பிறந்ததா என்று உடனே சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் போல்ற்றின் விட்டம் 7.9 என்று வந்தது. தலையில் 13 மி.மீ. ஸ்பனர் கச்சிதமாக உட்கார்ந்தது. 5/16 விற்வர்த் போல்ற்றோடு கோர்த்துப் பார்த்தால் ஐந்தாவது பல்லில் ஏறியது; 5/16 சைக்கிள் புரியோடு அதற்கும் முன்பே ஏறியது. ஐயம் நீங்காமல் கிண்ணியாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு நானாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அளவி எதையும் தேடவில்லை. நகத்தைப் புரியில் வைத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

“தம்பி, இது வெள்ளைக்காரன்ட புரி இல்ல. எட்டு மில்லி. எவனோ உங்கட எஞ்சினில ஓட்டையைப் பெருப்பிச்சிருக்கான். போய்த் தேடுங்க.”

அவர் சொன்னதில் ஒரு பாடமே இருந்தது. அந்நியப் போல்ற் ஒன்று மிஞ்சினால், அது எங்கோ கிடந்து வந்து சேர்ந்தது என்று மகிழ்ச்சியோடு ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் வண்டியைக் கழற்றியபோது அது வண்டியில் இருந்திருந்தால், அதற்காக வெட்டப்பட்ட அந்நியப் புரியுள்ள துளையும் வண்டியில் இருக்கிறது. அந்தத் துளையில் நாம் இப்போது வேறு எதையோ போட்டிருக்கிறோம். நாங்கள் எஞ்சினின் பக்கத்திலுள்ள பற்சக்கரங்களை மூடும் டைமிங் உறைக்குப் புதிய கால் அங்குலத் திருகாணித் தொகுதி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தோம். ஒவ்வொன்றையும் மெதுவாக இறுக்கிப் பார்த்தபோது, கீழ்ப்பக்கத்தில் ஒன்று இறுகவே இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. மருமகனைப் பார்த்தேன்.

“அது அப்பவே பிடிக்கேல்ல மாமா. கஸ்கற் பசை கொஞ்சம் கூடப் போட்டு விட்டனான்” என்றான்.

முன்னொரு காலத்தில் அந்தத் துளையின் புரி தேய்ந்துபோக, யாரோ அதை 6.8 மி.மீ. அளவுக்குத் துளைத்து, 8 மி.மீ. புரி வெட்டியிருக்கிறார். கால் அங்குலத் திருகாணி அந்தத் துளையில் பிடிக்க வழியே இல்லை. மிஞ்சிய போல்ற்றையே திரும்பப் போட்டால் வேலை முடிந்துவிடும். அப்படிச் செய்தாலும் குற்றமில்லை. நாங்கள் நானாவிடம், வெளியே அதைவிடப் பெரிய புரியும் உள்ளே கால் அங்குல விற்வர்த் புரியும் கொண்ட பித்தளைப் புஷ் ஒன்றைக் கடைந்து வாங்கி, துளையை அதற்கேற்பப் பெருப்பித்து இருத்தினோம்.

குண்டு

மிஞ்சிய பாகங்களில் என்னை மிகவும் அச்சுறுத்துவது எஃகுக் குண்டுதான். அதற்குப் புரி இல்லை, முகம் இல்லை, வலம் இடம் இல்லை. அது போகக்கூடிய இடங்கள் பல. அவற்றில் ஒன்றிரண்டு உயிர்நிலையானவை.

முதலில் விட்டத்தை அளந்துகொள்ள வேண்டும். பிரித்தானிய வண்டிகளில் அடிக்கடி வருபவை 3/16 அங்குலம் (4.76 மி.மீ.), கால் அங்குலம் (6.35 மி.மீ.), 5/16 அங்குலம் (7.94 மி.மீ.), 3/8 அங்குலம் (9.53 மி.மீ.). எங்களுடையது கால் அங்குலம். அந்த அளவுக் குண்டு போகக்கூடிய இடங்களைத் தாளில் எழுதிக்கொண்டோம்: ஹாண்டில் கழுத்தின் மேல் கிண்ணமும் கீழ்க் கிண்ணமும், கியர் மாற்றும் பொறியில் ஸ்பிறிங்கோடு நின்று கியரைப் பிடிக்கும் இடம், கிளச் தள்ளுகோலின் முனை, எஞ்சினின் ஒயில் வழியில் ஸ்பிறிங்குக்கு முன்னால் நிற்கும் வால்வு.

கழுத்தைச் சோதிப்பது எளிது. அங்கே குண்டுகள் கூண்டில்லாமல் கிறீஸில் ஒட்டி, கிண்ணத்தைச் சுற்றி அணிவகுத்து நிற்கும். வண்டிக்கு வண்டி எண்ணிக்கை மாறும். ஆனால் விதி ஒன்றுதான். கிண்ணம் நிறையும் வரை அடுக்க வேண்டும். கடைசியில் எஞ்சும் வெற்றிடம் ஒரு குண்டின் அளவுக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். வெற்றிடம் ஒரு குண்டின் அளவோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்று குறைகிறது. எங்கள் கழுத்தைத் திறந்து இரண்டு கிண்ணங்களையும் எண்ணினோம். இரண்டும் நிறைந்திருந்தன. மறுபடி பூட்டுவதற்கு ஒரு முழு மாலை போனது.

உண்மையில் அதைத் திறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. குண்டை ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும். கழுத்தில் உழன்ற குண்டு எல்லாப் பக்கமும் உருண்டிருக்கும். அதன் மேற்பரப்பு முழுவதும் ஒரே மாதிரி மங்கியிருக்கும், அல்லது அங்கங்கே புள்ளி புள்ளியாக அரித்திருக்கும். கியரைப் பிடிக்கும் குண்டில் உரசித் தேய்ந்த தட்டையான ஓரிடம் இருக்கலாம். வால்வுக் குண்டோ ஒரு வட்டத் துளையின் வாயில் அமர்ந்து அமர்ந்து, நூல்போல மெல்லிய வளையத் தடம் ஒன்றைப் பெற்றிருக்கும். குண்டைச் சிறு களிமண் உருண்டையில் பாதி புதைத்து, ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வளையம் இருந்தால் நிழலாகத் தெரியும். எங்கள் குண்டில் அந்த வளையம் இருந்தது. கழுவிய பிறகும் அது மட்டும் அழியாமல் இருந்தது எங்கள் நல்ல காலம்.

எம்20 உட்பட அக்காலப் பிரித்தானிய எஞ்சின்கள் பெரும்பாலும் ஒயிலைத் தனித் தாங்கியில் வைத்திருப்பவை. பம்பின் ஒரு பகுதி தாங்கியிலிருந்து ஒயிலை எடுத்து, பிஸ்டனைத் தாங்கும் கோலின் கீழ் முனையிலுள்ள பெரிய முனைப் பேரிங்குக்குத் தள்ளும். மற்றப் பகுதி எஞ்சினின் அடியில் சேரும் ஒயிலை வாங்கித் தாங்கிக்குத் திருப்பும். இந்த வழியில் குண்டு வால்வுகள் மூன்று வகை வேலைகளைச் செய்யும்: அழுத்தம் மிஞ்சினால் ஒயிலை வெளியே விடுவது, நின்ற வண்டியில் தாங்கி ஒயில் எஞ்சினுக்குள் வடிந்து நிரம்பாமல் தடுப்பது, திரும்பும் வழியில் ஒயில் பின்னோக்கிப் போகாமல் பார்த்துக்கொள்வது. எந்த எஞ்சினில் எவை உண்டு, எங்கே உண்டு என்பதை அந்தந்த மாதிரியின் பாகப் புத்தகத்தில் உள்ள விரிபடத்தில் காணலாம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வில் குண்டு இல்லாமல் எஞ்சினை ஓட்டினால், பம்ப் தள்ளும் ஒயிலில் பெரும்பகுதி அந்தத் திறந்த வழியாகவே போய்விடும். பேரிங்குக்குப் போவது சொற்பம். எஞ்சின் சில நிமிடம் இனிமையாகவே ஓடும். பிறகு பெரிய முனை பிடித்துக்கொள்ளும்.

நாங்கள் அந்த வால்வின் மூடித் திருகாணியைக் கழற்றினோம். ஸ்பிறிங் வந்தது. காந்தம் பொருத்திய கம்பியை உள்ளே விட்டோம், வெறுமையாகத் திரும்பியது. ரோச் வெளிச்சத்தில் உள்ளே பித்தளை நிறத்தில் வட்டமான இருக்கை தெரிந்தது. அதன் விளிம்பு குண்டின் வளையத்தைவிடச் சற்றும் பெரிதாகவோ சிறிதாகவோ இல்லை. ஸ்பிறிங்கை மட்டும் போட்டு மூடியை இறுக்கியது நான்தான். மருமகன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஓர் எச்சரிக்கை: மிஞ்சிய குண்டை அது பொருந்துவதுபோல் தோன்றும் துளையில் போட்டுப் பார்க்காதீர்கள். சரியான இடத்தில் அது எளிதாகத் திரும்ப வரும். தவறான இடத்தில் ஒயில் வழிக்குள் உருண்டுவிட்டால் எஞ்சினைப் பிளப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எண்களும் முத்திரைகளும்

பாகத்தில் எண் பொறித்திருந்தால் தேடல் பாதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஓரளவுக்கே உண்மை. வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் வார்ப்புக்குரியது. பாகப் புத்தகத்தில் உள்ள எண்ணோடு அது பொருந்தாமல் போவதுண்டு. ஆனாலும் சில முன்னெண்கள் உதவும். பி.எஸ்.ஏ. பாகங்களில் 65 என்று தொடங்குவது பி வகை ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளையும், 67 என்பது ஏ வகை இரட்டைச் சிலிண்டர் வண்டிகளையும், 90 என்பது பன்ரம் வண்டியையும் காட்டும். ஒரே பாகத்தைப் பல வண்டிகளுக்கும் பயன்படுத்தினார்கள் என்பதால், உங்கள் எம்20 இல் வேறு முன்னெண் கொண்ட பாகம் இருந்தால் அது தவறானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பழைய ட்ரையம்ப் வண்டிகளில் எண்ணுக்கு முன்னால் எழுத்து வரும்: ஈ எஞ்சினையும், ரி கியர்பொக்ஸையும், எஃப் சட்டகத்தையும், எச் முன் கவையையும், டபிள்யூ சில்லையும் குறிக்கும்.

மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னம் பி.எஸ்.ஏ. உடையது. மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி பிரித்தானிய அரசின் உடைமை என்பதைக் காட்டும். போர்க்காலத்தில் ஏறத்தாழ 126,000 எம்20 வண்டிகள் படைக்காகச் செய்யப்பட்டன; அவற்றின் எஞ்சின் எண் டபிள்யூ.எம்.20 என்று தொடங்கும். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த இந்தத் திருகோணமலையில், பழைய இரும்புக் கடைகளில் அம்புக்குறி பொறித்த பொருட்கள் பல கிடைத்ததுண்டு. அவற்றில் மோட்டார் சைக்கிளுக்கே தொடர்பில்லாதவையும் இருந்தன. அம்புக்குறியைக் கண்டவுடன் அது உங்கள் வண்டியின் பாகம் என்று மயங்க வேண்டாம்.

பாகப் புத்தகத்தைப் பயன்படுத்தும்போது, மிஞ்சிய பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படங்களில் அதன் முகத்தைத் தேடுவது வீண்வேலை. படத்தில் எல்லா வாசர்களும் ஒன்றுபோலவே இருக்கும். அதற்குப் பதிலாக, அழுக்கும் தேய்மானமும் காட்டிய பகுதியின் பக்கத்தைத் திறந்து, அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் வண்டியில் தொட்டுப் பார்த்துப் பென்சிலால் அடையாளமிட்டு வாருங்கள். அடையாளம் விழாத வரிதான் உங்கள் கையில் இருக்கும் பாகம்.

சில பாகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி வைக்கிறேன். அரைநிலா வடிவச் சாவி மிஞ்சினால் மக்னெற்றோவின் பற்சக்கரத்தில் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். பெரும்பாலான பிரித்தானிய மக்னெற்றோக்களில் அது சாவியில்லாமல் கூம்பு அச்சின் பிடியிலேயே நிற்கும். எஞ்சின் அச்சின் பற்சக்கரத்தையும் கிளச் அமரும் அச்சையும் முதலில் பாருங்கள். கூம்பைப் பாதியாகப் பிளந்தது போன்ற சிறு துண்டு ஒன்று மிஞ்சினால் அது வால்வு ஸ்பிறிங்கைப் பூட்டும் துண்டு. அதன் சோடியில்லாமல் அந்த வால்வு நிற்காது. சிறு கரித்துண்டும் மெல்லிய ஸ்பிறிங்கும் சேர்ந்து மிஞ்சினால் அது மக்னெற்றோவின் கரித் தூரிகை. சங்கிலி இணைப்பின் ஸ்பிறிங் கிளிப் மிஞ்சினால் வண்டியைத் தள்ளக்கூட வேண்டாம். போடும்போது அதன் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

பாகம் மிஞ்சாமல் குறைந்தால் அது வேறு வகைத் துன்பம். முற்றத்து மணலில் விழுந்ததைத் தேட, காந்தத்தைப் பொலித்தீன் உறையில் சுற்றிக்கொண்டு மணலின் மேல் இழுங்கள். நம் கரையோர மணலில் உள்ள கரிய துகள்கள் காந்தத்தில் அப்பிக்கொள்ளும், உறையைக் கழற்றி உதறினால் அவை ஒரே தடவையில் உதிர்ந்துவிடும். பித்தளை விழுந்தால் அரிதட்டுத்தான் கதி.

குண்டை அதன் இருக்கையில் வைத்து, ஸ்பிறிங்கையும் மூடியையும் பூட்டிய பிறகு, ஐந்தாம் நாள் காலை வண்டியை இயக்கினோம். தீப்பொறிக் கட்டையைக் கழற்றிவிட்டு, கிக்கரை இருபது முப்பது தடவை மிதித்து ஒயிலை ஏற்றிய பின்னரே கட்டையைப் பூட்டினோம். எஞ்சின் பிடித்தவுடன் ஒயில் தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன். திரும்பும் குழாயின் வாயில் முதலில் காற்றுக் குமிழிகள் வந்தன, பிறகு ஒயில் விட்டுவிட்டுக் கொட்டியது. எட்டு மில்லிப் போல்ற் இன்னும் பால்மா பேணியில்தான் கிடக்கிறது. “டைமிங் உறை, கீழ்த் திருகாணி, பழையது” என்று மருமகன் சீட்டு எழுதி அதன் கழுத்தில் கட்டிவைத்திருக்கிறான்.